கவிழ்த்து வைத்த கிண்ணம்

உட்கார்ந்ததும் ஜூரா தன் முன்னால் இருக்கும் கிண்ணத்தைக் கவிழ்ப்பாள். தேநீர் வேண்டாம் என்று அர்த்தம். பிறகு ரொட்டியில் நகத்தளவு கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். வந்த வீட்டு ரொட்டியைத் தொடாமல் போனால் பகை. அதற்குமேல் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். வேலை முடிகிற வரைக்கும்.

பெர்மெட்டின் வீட்டில் வேலை பதினோரு மாதமாக முடியவில்லை.

"பிணம் எடுத்த வீட்டுலகூட ஒரு வாய் டீ குடிச்சிட்டுத்தான் போவாங்க," என்று பெர்மெட்டின் அத்தை சைகால் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். "இவ என்ன, போலீஸ்காரியா?"

"போலீஸ்காரங்க குடிப்பாங்கக்கா. நான் குடிச்சா நீங்க சொல்றதையெல்லாம் நம்பிடுவேன்."

ஐம்பத்து நான்கு வயது. குட்டையான உருவம். ஆண்கள் போடும் செம்மறித்தோல் கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு நீலப் பேனா. கையில் எப்போதும் பென்சில். நாரின் நகரில் ஓர் இதழுக்கு எழுதுகிறாள். வருஷத்துக்கு மூன்று இதழ் என்று அட்டையில் போட்டிருக்கும். இரண்டு வந்தால் ஆச்சரியம். மற்ற நிருபர்கள் ஒரு நாளில் மூன்று செய்தி எழுதுகிறார்கள். இவள் ஒரு கட்டுரைக்கு ஒரு வருஷம் எடுத்துக்கொள்கிறாள். நடந்ததைக் கதைபோலச் சொல்வாள், ஆனால் கதை விடமாட்டாள். அந்த இரண்டாவது பாதிதான் ஊரையே படுத்துகிறது.

நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்திருப்பாள். பார்த்தது, கேட்டது, நினைத்தது. யார் எதைச் சொன்னாலும் பென்சில் காற்றில் நிற்கும்.

"நீ பாத்தியா, கேட்டியா, நினைக்கிறியா?"

"அப்பா நல்லவர்" என்று பெர்மெட் சொன்னபோதும் அதே கேள்வி. மூன்றில் எதில் போடுவது என்று பெர்மெட்டால் சொல்ல முடியவில்லை. ஜூராவும் எழுதவில்லை. "ஜனாஸாத் தொழுகையில எல்லாருமா சேர்ந்து அதைத்தான் சொல்றோம். எங்க ஊர்ல இதுவரைக்கும் கெட்டவன் ஒருத்தனும் சாகலை," என்றாள்.

ஒருவர் பேசியதைப் பேசியபடியே எழுதும்போது மேற்கோள் குறி மட்டும் பென்சிலில் லேசாக இருக்கும். இரண்டாவது சாட்சி கிடைத்த பிறகே அந்தக் குறிகளின்மேல் நீலப் பேனா ஓடும். சாட்சி ஆளாக இருக்கலாம், காகிதமாக இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம். பேனா ஓடாத பேச்சு அச்சுக்குப் போகாது.

பெர்மெட்டுக்கு இது பிடித்திருக்க வேண்டும். துணைமின் நிலையத்தில் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதிப்பது அவள் வேலை. பொய் மின்னோட்டம் கொடுத்து, ரிலே எத்தனை மில்லி நொடியில் இணைப்பைத் துண்டிக்கிறது என்று அளப்பாள். தானே அளக்காத எதையும் நம்பாதவள். ஆனால் அளக்கப்படுவது தன் அப்பாவாக இருந்தபோது பொறுக்க முடியவில்லை.

அப்பா துர்தாகுன், கோக்-பெல் கணவாயில் பனி தள்ளும் புல்டோசர் ஓட்டியவர். போன மார்ச் பதினொன்றாம் தேதி பனிச்சரிவு அவரை வண்டியோடு மூடியது. எச்சரிக்கை நண்பகலிலேயே கிளம்பிவிட்டது. கணவாய்க்கு வந்து சேர்ந்தது நாலரை மணிக்கு. நடுவில் ஏதோ ஓர் அலுவலக மேஜையில் அது தூங்கியது. யார் மேஜை என்பதைத்தான் ஜூரா தேடுகிறாள் என்று பெர்மெட் நினைத்திருந்தாள். ஜூரா தேடியது ஃபிளாஸ்கை.

"உங்கப்பா ஃபிளாஸ்க் என்ன கலர்?" வேலை நேரத்தில்தான் போன் வரும்.

"பச்சை."

"இலைப் பச்சையா, பட்டாளப் பச்சையா?"

"அக்கா, நான் முப்பத்தஞ்சு கிலோவோல்ட் பக்கத்துல நிக்கிறேன்."

"சரி, நின்னுக்கிட்டே சொல்லு."

மே மாதம் அது. ஜூனில், எந்தக் கையால் மூடியைத் திறப்பார் என்று கேட்டாள். ஆகஸ்டில், டீயில் பால் முதலில் விடுவாரா பிறகு விடுவாரா என்று. அக்டோபரில் மறுபடியும் நிறம். ஃபிளாஸ்கை வாங்கித் தந்தவளே பெர்மெட்தான். பிப்ரவரி இருபத்து மூன்று, ஆண்கள் நாளுக்குக் கொடுத்தது. பதினாறு நாள் அப்பா அதை வைத்திருந்தார். இதை ஐந்து முறை சொல்லியாகிவிட்டது.

"எச்சரிக்கை எங்கே தூங்குச்சுன்னு எழுதுங்க. ஃபிளாஸ்க் எதுக்கு?"

"நாலரை மணி நேரம் ஒரு காகிதம் தூங்குச்சுன்னு எழுதினா எவனும் பக்கத்தைத் திருப்பமாட்டான். மலைமேல வண்டியில உக்காந்திருந்தது யாருன்னு தெரியணும். அப்பத்தான் அந்த நாலரை மணி நேரம் உறைக்கும்."

"அதுக்கு எந்தக் கைன்னு வேணுமா?"

"ஒரு கை தப்பாப் போச்சுன்னா போதும். அந்த மேஜைக்காரன் அதைப் புடிச்சுக்கிட்டு, 'பாருங்க, வலது கைக்காரரை இடது கைக்காரர்னு எழுதியிருக்கா'ம்பான். கட்டுரை பதினெட்டுப் பக்கமும் பொய்னு ஆயிடும்."

வீட்டுக்கு வந்தாலும் கண் ஓரிடத்தில் நிற்காது. முதல் நாளே அலமாரி இழுப்பறையைத் திறந்து பார்த்தவள். உள்ளே நூல்கண்டு, பாட்டரி, திருகாணிகள், ஒரு வெள்ளை ரப்பர் வளையம்.

"இது எதோடது?"

"தெரியாது."

"தெரியாததை ஏன் வச்சிருக்கே?"

"எதுக்காவது ஆகும்," என்றாள் பெர்மெட். படிப்பு அப்படி. திருகாணியையும் வளையத்தையும் அவள் எறிவதில்லை. ஜூரா அதையும் எழுதிக்கொண்டாள், 'பார்த்தது' என்ற கட்டத்தில். சைகால் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படி இருக்கிறவளுக்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை பெர்மெட் அவளைக் காரில் இறக்கிவிடப் போனபோது, கேட்காமலேயே சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சுரங்கத்தில் செத்த லாரி ஓட்டுநர் ஒருவனைப் பற்றி எழுதினாளாம். தினமும் விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போவான் என்று யாரோ சொன்னார்கள். அழகாக இருந்தது. அதையே முதல் வரியாக வைத்தாள். இதழ் வந்த வாரம் அவன் மனைவி வீடு தேடி வந்தாள். 'நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது வேற யாரோட புருஷனோ. எங்காளுக்கு முன்பல் ரெண்டும் கிடையாது. விசில் வராது' என்றாள்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை," என்றாள் ஜூரா. "அந்தப் புஸ்தகத்தை என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டா."

கதை பெர்மெட்டைத் தொட்டது. இரக்கப்படவும் செய்தாள், அடுத்த போன் வரும் வரைக்கும்.

அவர்களுக்குள் உண்மையான சண்டை ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

அந்த மார்ச் பதினொன்றன்று சாயங்காலம், கீழ்ச் சாவடியில் ரேடியோ பார்க்கும் ஷார்ஷென் தொண்ணூறு கிலோமீட்டர் ஜீப் ஓட்டி நாரினுக்கு வந்தார். அப்பாவின் நண்பர், பெர்மெட்டுக்குச் சித்தப்பா முறை. சாவை நேராகச் சொல்வது அங்கே வழக்கமில்லை. சுற்றி, போர்த்தி, வேறொன்றாகச் சொல்லவேண்டும்; அப்படிச் சொல்லத் தெரிந்தவரைத்தான் அனுப்புவார்கள். துணைமின் நிலைய வாசலில் ஹெல்மெட்டோடு நின்றவளிடம் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"உங்கப்பன் கடைசி வளைவையும் தள்ளி முடிச்சுட்டான் தாயி. 'வழி சுத்தமாயிடுச்சு, பெர்மெட்டை அவசரமில்லாம வரச் சொல்லு'ன்னான்."

அப்பா இல்லை என்பது இரண்டு நிமிடம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. வாக்கியம் முதலில் வந்தது, சாவு பிறகு. அதனாலோ என்னவோ, அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைக் கடந்தாள். ரேடியோவில் அப்பா கடைசியாகப் பேசியது அவளைப் பற்றி. மாவட்டச் செய்தித்தாள் அதைப் போட்டது. நாற்பதாம் நாள் சடங்கில் அதையே சொன்னார்கள். இந்தச் சனிக்கிழமை முதலாண்டு நினைவு விருந்து. அதற்கு முன்னால் கல்லறைக் கல் நிற்கவேண்டும். கறுப்புக் கல்லில் அப்பாவின் முகம் செதுக்கியாகிவிட்டது. கீழே அந்த வாக்கியம் வரவேண்டும். வியாழன் காலை உளி வைப்பதாகக் கல்வெட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

ஜூராவின் நோட்டில் மட்டும் அது பதினோரு மாதமாகப் பென்சிலில் கிடந்தது.

புதன்கிழமை மதியம் அவள் வந்தாள். வீடு முழுக்க எண்ணெய்ப் புகை. சைகால் அத்தை விருந்துக்குப் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மேஜைவிரிப்பு நிறைய மாவுத் துண்டுகள். ஜூரா உட்கார்ந்தாள், கிண்ணத்தைக் கவிழ்த்தாள், ரொட்டியைக் கிள்ளினாள்.

"உங்கப்பா சொன்னதா இருக்கே, அதுக்குக் குறி போட முடியாது," என்றாள்.

"பேப்பர்காரன் போட்டான்ல?"

"அவன் போடுவான். உங்கப்பா பாட்டு பாடிக்கிட்டே போனாருன்னு சொல்லு, அதையும் போடுவான்."

"சித்தப்பா பொய் சொல்றாரா?"

"நான் அப்படிச் சொல்லலை. கடைசி வளைவைத் தள்ளி முடிச்சதா அவர் சொன்னாரு. விசாரணை அறிக்கையை நீயும் படிச்சே. அன்னிக்குத் தள்ளாம நின்னது எவ்வளவு?"

பெர்மெட்டுக்கு எண்கள் மறக்காது. "ஆயிரத்து நூறு மீட்டர்," என்றாள்.

ஆயிரத்து நூறு மீட்டர் பனி கிடக்கும்போது வழி சுத்தம் என்று அப்பா சொல்லமாட்டார். பத்து மீட்டர் கிடந்தாலும் சொல்லமாட்டார். கடைசி ரேடியோப் பேச்சு இரண்டு மணி ஐந்து நிமிடம். சரிவு மூன்று நாற்பது. அந்த அறிக்கையில் இரண்டு நேரத்தையும் அடிக்கோடு போட்டவளே அவள்தான். ஒரு ரிலே இப்படிப் பொருந்தாத அளவைக் காட்டியிருந்தால், அந்த இடத்திலேயே கழற்றி வைத்திருப்பாள். சாவைப் போர்த்திச் சொல்வார்கள் என்பதும் தெரியாததல்ல. அடுத்த வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்தபோதெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தப்பா. வழி சுத்தமாயிடுச்சுன்னு அப்பா சொன்னாரா?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம். பிறகு அது நின்றது.

"யாரு பக்கத்துல? அந்தப் பென்சில்காரியா?"

"ஆமா."

"அவ விடமாட்டான்னு தெரியும்." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "வேற எப்படித் தாயி சொல்லச் சொல்றே? தொண்ணூறு கிலோமீட்டரும் வண்டியிலயே உக்காந்து வார்த்தை கட்டினேன். குதிரை, கழுகுன்னு என்னென்னமோ வந்துச்சு. எதுவும் அவனுக்குப் பொருந்தலை. எழுபதாவது கிலோமீட்டர்லதான் இது அமைஞ்சுது. நீ புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன். நீ அதை அப்படியே புடிச்சுக்கிட்டே. அப்புறம் பேப்பர்ல வந்துடுச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

பெர்மெட் போனை வைத்தாள். அடுப்படியில் எண்ணெய் சீறியது.

"திருப்தியா?" என்று ஜூராவைக் கேட்டாள். "சனிக்கிழமை விருந்து. நாளைக்குக் கல்லு. இன்னிக்கு வந்து புடுங்கிட்டீங்க. கிளம்புங்கக்கா."

ஜூரா எழுந்திருக்கவில்லை. "நான் அதுக்கு வரலை. ஃபிளாஸ்குக்கு வந்தேன்."

பெர்மெட் கையில் அப்போது ஒரு ரொட்டி இருந்தது. ரொட்டியை எறிவது பாவம் என்பதால் மட்டும் ஜூரா தப்பித்தாள்.

"பச்சை," என்றாள் பெர்மெட். "பச்சை. இலைப் பச்சையோ பட்டாளப் பச்சையோ, எழவு ஏதோ ஒரு பச்சை."

"அது எங்கே இருக்கு?"

அலமாரிக்கு மேலே இருந்தது. வண்டியிலிருந்து எடுத்ததையெல்லாம் ஒரு பையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். யாரும் பிரிக்கவில்லை. முடிச்சின்மேல் ஒரு வருஷத் தூசி.

"அதைத் திறந்து எதைத் தேடறீங்க?"

"சொல்லமாட்டேன். சொன்னா நீ அதையேதான் பாப்பே."

இவளை ஒழித்துக்கட்ட ஒரே வழி கேட்டதைக் கொடுத்துவிடுவதுதான். பெர்மெட் நாற்காலி போட்டு ஏறிப் பையை இறக்கினாள். கையுறை. கம்பளிச் சட்டை. உள்ளங்கையளவு கண்ணாடி. ஃபிளாஸ்க். அடியில் நசுங்கியிருந்தது. பட்டாளப் பச்சை. ஜூரா குறித்துக்கொண்டாள்.

"டீ ஊத்து. அவர் எப்படி வைப்பாரோ அப்படி வை."

அப்பா அதை இருக்கைக்குப் பின்னால் படுக்கவைப்பார். பெர்மெட் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய செய்தித்தாள்மேல் படுக்கவைத்தாள். ஜூரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆவதற்குள் காகிதத்தில் ஈரம் படர்ந்தது.

"நசுங்கினதாலயா?" என்றாள் ஜூரா.

"அடிதான் நசுங்கியிருக்கு. இது மூடியில வருது." பதில் தானாக வந்தது, வேலைக்குரலில். பெர்மெட் மூடியைக் கழற்றித் திருப்பினாள். உள்ளே சுற்றிலும் ஒரு பள்ளம். அதில் எதுவும் இல்லை.

அந்தப் பள்ளத்தில் அவள் விரலை ஒரு சுற்று ஓட்டினாள். பிறகு எழுந்து போய் அலமாரி இழுப்பறையைத் திறந்தாள். வெள்ளை வளையத்தைப் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். சின்னதாக ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. கடை நாற்றம் போகட்டும் என்று பிப்ரவரி இருபத்து இரண்டாம் தேதி ஃபிளாஸ்கைச் சோடா போட்டுக் கழுவியது அவள்தான். வளையத்தைக் கழற்றி ஜன்னலில் காயவைத்தாள். காகிதம் சுற்றி, நாடா கட்டிக் கொடுத்துவிட்டாள்.

மறுபடி படுக்கவைத்தாள். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். புதுக் காகிதம் காய்ந்தே இருந்தது.

ஜூரா நோட்டைப் பத்து மாதம் பின்னால் புரட்டினாள். "கீழ்ச் சாவடி ரேடியோப் பதிவு நோட்டு. உங்க சித்தப்பா கையெழுத்து. ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்: துர்தாகுன், எல்லாம் சரி, ஃபிளாஸ்க். அவ்வளவுதான். ஃபிளாஸ்க்னா என்னன்னு பத்து மாசம் கேட்டேன். 'அவன் சொல்லாதேன்னான், நான் சொல்லமாட்டேன்'னுட்டாரு. போன வெள்ளிக்கிழமைதான் வாயைத் திறந்தாரு. படிக்கவா?"

பெர்மெட் தலையசைத்தாள்.

ஜூரா கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, எந்த உணர்ச்சியும் காட்டாமல் படித்தாள். "'பொண்ணு குடுத்த ஃபிளாஸ்க் ஒழுகுது. முதுகெல்லாம் டீ. அவகிட்ட சொல்லித் தொலைக்காதே, புதுசு வாங்கிக்கிட்டு மலையேறி வந்துடுவா.'"

பெர்மெட் சிரித்தாள் என்றோ அழுதாள் என்றோ எழுதினால் ஜூரா ஒப்புக்கொள்ளமாட்டாள். மூக்கு வழியாகக் காற்று வந்தது. தோள் இரண்டு முறை குலுங்கியது. பார்த்தது அவ்வளவுதான். அடுப்படி வாசலில் சைகால் அத்தை கரண்டியோடு நின்றாள். கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியதை அவளே கவனிக்கவில்லை.

"இதைப் போடுவீங்களா?" என்றாள் பெர்மெட் கடைசியில்.

"சாட்சி ஷார்ஷென் ஒண்ணு, வளையம் ரெண்டு." ஜூரா கழுத்திலிருந்த நீலப் பேனாவை எடுத்து, வாக்கியத்தின் முன்னாலிருந்த குறியின்மேல் ஓட்டினாள். பிறகு பின்னாலிருந்ததன்மேல்.

"அப்ப அந்த இன்னொண்ணு?"

"அதுக்கும் குறி உண்டு. ஷார்ஷென் பேர்ல. எழுபதாவது கிலோமீட்டர்ல."

"கல்லுல?"

"கல்லு என் பத்திரிகை இல்லை."

பெர்மெட் கல்வெட்டுக்காரரின் எண்ணை எடுத்தாள். அழுத்தவில்லை. போனைக் குப்புற வைத்தாள். "அதே இருக்கட்டும். சித்தப்பா அவ்வளவு தூரம் கஷ்டப்பட்டுக் கட்டியிருக்காரு."

"கல்லுல யார் பேர்ல போடுவே?"

"அக்கா."

"சரி, சரி."

ஜூரா பேனாவை மூடினாள். நோட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள். பிறகு தன் முன்னால் கவிழ்ந்திருந்த கிண்ணத்தை நிமிர்த்தி, கோட்டின் முனையால் உள்ளே துடைத்து, ஃபிளாஸ்குக்கு நேராக நீட்டினாள்.